மடியில் வைத்த ஷூ

என் அக்காள் வீட்டுக்காரர் அர்ச்சுனனை ஓட்டக்காரர் என்று யாராவது சொல்லியிருந்தால், 1987க்கு முன்பு லாபு ரப்பர் தோட்டமே சிரித்திருக்கும். மனிதர் பால்மரம் வெட்டுகிறவர். மழை இருட்டிக்கொண்டு வந்தால், மரத்தில் வடிந்த பால் வீணாகிவிடக் கூடாதே என்று வாளியோடு மரத்துக்கு மரம் ஓடுவார். அதுவும் என் அக்காள் தாயம்மாவுக்குப் பின்னால்தான். அவள் வேகம் அவருக்கு எங்கே வரும்!

அந்த வருடம் அக்காளுக்குக் கர்ப்பப்பையில் புற்று என்றார்கள். கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்டு வைக்க வேண்டுமாம், கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வோம். மாட்டவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பக்கத்து லயத்து வீட்டு மயிலம்மாள் கரண்டு வைக்கப் போய்ச் சவப்பெட்டியில் திரும்பி வந்ததைப் பார்த்தவள் அவள். கெஞ்சினோம், திட்டினோம். நான் ஆத்திரத்தில் குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்தேன். ம்ஹூம், அசையவில்லை.

மாமா மட்டும் கெஞ்சவில்லை. ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினார். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை இருபது மைல் ஓட்டப் பந்தயம்.

“உனக்காக ஓடறேன் தாயி. நான் ஓடி முடிச்சிட்டா நீ ஆஸ்பத்திரிக்கு வரணும்.”

அக்காள் வாய்விட்டுச் சிரித்தாள். “நீங்களா? சிரம்பான் பக்கத்து மம்பாவ்கூடத் தாண்ட மாட்டீங்க லா. சரி, முடிங்க, வரேன்.”

அவள் சொன்ன சொல் மாறாதவள். எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். பந்தயத்துக்கு ஆறு வாரம் இருந்தது. தினமும் வேலை முடிந்து செம்மண் ரோட்டில் ஓடிப் பழகினார்.

பந்தயத்தன்று அக்காளை ஓடி வரும் வழியிலுள்ள லுக்குட் கடைத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். தோட்டத்துப் பெண்கள் நாங்கள் வாளிகளோடு நின்றோம். வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர். காவடி எடுத்து வருகிறவர் காலில் அதைத்தானே ஊற்றுவோம்? இவரும் வேண்டுதல் வைத்து வருகிறவர்தானே! காவடிக்காரர் ஷூ போட்டு வருவதில்லை என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

எல்லோரும் போய் வெகுநேரம் கழித்து, காலை இழுத்துக்கொண்டு வந்தார் மாமா. முதல் வாளி என்னுடையது. அப்புறம் பத்து வாளி. புது ஷூ இரண்டும் ஊறி, சளக் சளக் என்றன.

“அடிப்பாவிங்களா! ஷூவுல ஊத்திட்டீங்களே லா!”

இன்னும் ஐந்து மைல் இருந்தது. அக்காளை நானே சாகக் கொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மாமா ரோட்டோரம் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அக்காள் மடியில் வைத்தார். “வெச்சிரு தாயி. வந்து வாங்கிக்கிறேன்.”

அக்காள் எழுந்தாள். என் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அவருடைய வெறுங்காலில் ஊற்றினாள். அவர் ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது போர்ட்டிக்சனில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். மெடல் இல்லை, பேரைக்கூட எழுதவில்லை. பஸ் ஏறி லுக்குட்டுக்கே திரும்பி வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“எல்லாம் முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேந்தேன் தாயி. என்னைச் சேத்துக்கல” என்று சொல்லி அழுதுவிட்டார்.

அக்காள் அவருடைய பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். தோல் உரிந்து, தாரும் ரத்தமுமாக இருந்தது.

“அவங்க சேத்துக்காட்டி என்ன? நான் சேத்துக்கிட்டேன்” என்றாள். “கோலாலம்பூருக்கு எப்பப் போகணும்?”

ஆறு வருடம் இருந்தாள் என் அக்காள். வருடா வருடம் மாமா ஓடினார். லுக்குட்டில் அவள் மடியில் ஷூவை வைப்பார், அவள் தண்ணீர் ஊற்றுவாள், மிச்சத்தை வெறுங்காலோடு ஓடி முடிப்பார். 1993இல் அவள் போய்விட்டாள்.

அடுத்த வருடப் பந்தயத்துக்குப் போக எனக்கு மனசே இல்லை. ஆனாலும் வாளியோடு போய் நின்றேன். மாமா வந்தார். நாற்காலி போடும் இடத்தில் நின்று ஷூவைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் தரையில் உட்கார்ந்து முந்தானையை விரித்தேன்.

“குடுங்க மாமா. வந்து வாங்கிக்கலாம்.”