செங்குன்றுச் சாலைக்குக் குழாய் வந்த கதை

எங்கள் செங்குன்றுச் சாலையில் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போயின. தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். தொட்டியெல்லாம் துருக் கறை. பள்ளிப் பேருந்து ஓட்டும் லோர்னா ஹெக்ஸ்டாட் வேலை முடிந்ததும் தன் பிக்கப் வண்டியில் தொட்டியை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருவாள். அலுத்துப்போய் ஒருநாள், குழாய்த் தண்ணீர் கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள்.

வழி ஒன்று இருந்தது. எங்கள் சாலையை ஒரு மேம்பாட்டு வட்டாரமாக அறிவித்து, கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகம், கடன் பத்திரம் விற்றுக் குழாய் போடும். பயன்பெறும் நிலக்காரர்கள் அவரவர் பங்கை வருடாவருடம் கட்டி அந்தக் கடனை அடைக்க வேண்டும். ஆனால் செலவில் பெரும்பங்கை ஏற்பவர்கள் எழுத்தில் எதிர்த்தால் திட்டம் அதோடு சரி.

வெர்ல் டிபெட்ஸ் எதிர்த்தார். மனைவி இறந்தபின் தனியாக மாடு வளர்ப்பவர். சாலையில் பெரிய நிலம் அவருடையது. இன்னும் இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்தால் போதும், எல்லாம் கவிழ்ந்துவிடும்.

இதற்காக நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து, "பஸ் ஓட்டுற பொம்பளைக்கு ஊரையே ஏத்திக்கிட்டுப் போகணும்னு ஆசை. என் கிணத்துத் தண்ணி தேன் மாதிரி இருக்கு. என்னை இறக்கி விட்டுடும்மா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லோர்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை டவுனில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கு அவள் போனாள். அங்கே மூலையில் வெர்ல் தன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"தேன்ல துவைச்சா சட்டை ஒட்டிக்குமோ?" என்றாள்.

அவர் பதிலுக்குக் கேலி செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "போன வருஷமே கெட்டுப்போச்சு லோர்னா. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது."

"அப்புறம் ஏன் எதிர்க்கிறீங்க?"

"எங்க அண்ணன் வரி கட்ட முடியாம வீட்டை இழந்தவன். அவன் சாமானைத் தெருவில வச்சதை நான் பாத்தேன். இந்தக் கடனை என்னால கட்ட முடியாது. இன்னொருத்தன் கட்டலேன்னா அதுவும் என் தலையிலதானே விழும்?"

இத்தனை நாள் அவரைச் சுயநலக்காரர் என்று திட்டியது லோர்னாவின் நெஞ்சை உறுத்தியது. "திங்கக்கிழமை காலை ட்ரிப் முடிஞ்சதும் வரேன். கவுண்டி ஆபீஸ்ல போய்க் கேட்டுடலாம்" என்றாள்.

கவுண்டி கருவூலத்தில் ஜோலீன் என்ற அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் கட்டலேன்னா அது அவரோட நிலத்து மேல நிக்கும், உங்க மேல வராது. அந்தக் குறையைத் தாங்கறதுக்குன்னே தனியா ஒரு நிதி வச்சிருக்கோம்" என்றாள். பிறகு வெர்லின் வயதையும் வருமானத்தையும் கேட்டாள். "வயசானவங்களுக்கு, வருமானம் குறைஞ்சவங்களுக்கு ஒரு சலுகை இருக்கு. நீங்க இப்பக் கட்டவே வேண்டாம். உங்க தவணையை நாங்க கட்டுவோம். நீங்க அந்த வீட்ல இருக்கிற வரைக்கும் யாரும் கேட்க மாட்டாங்க. வீடு கைமாறும்போது வட்டியோட எடுத்துக்குவோம்."

"நான் சாகிற வரைக்குமா?"

"நிதானமா சாகுங்க. எங்களுக்கு அவசரமே இல்ல."

வெர்ல் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோர்னா அவர் தோளில் கைவைத்தபடி நின்றாள். அன்றே, அந்த மேஜையிலேயே, எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வரும் வழியில் ஒரு கடையில் அவளுக்கு 'பை' என்ற இனிப்புப் பண்டம் வாங்கிக் கொடுத்தார், செர்ரிப் பழம் வைத்துச் சுட்டது.

கடன் பத்திரங்கள் விற்றுப்போயின. பனி உருகியதும் பள்ளம் தோண்டினார்கள். கோடையில் குழாயைத் திறந்தார்கள். லோர்னா வீட்டுச் சமையலறையில் நின்று ஒரு கோப்பை குடித்தாள். மறுபடியும் பிடித்துக் குடித்தாள். எந்த நாற்றமும் இல்லை.

மாலையில் தொலைபேசி அடித்தது. வெர்ல்.

"தண்ணி ரொம்ப வேகமா வருதும்மா. தட்டு கழுவப் போனா சட்டையெல்லாம் நனையுது."

"குறை சொல்றதை நிறுத்தவே மாட்டீங்களா?"

"இனிமே தண்ணியைப் பத்தித்தானே சொல்லுவேன், வீடு போயிடுமேன்னு இல்லையே" என்றார் அவர்.