கியூபெக் வாக்கெடுப்பும் ஐந்து பவுணும்

1995 ஒக்டோபர் 30, திங்கட்கிழமை, பிற்பகல் நாலேகால் மணி, தூறல். கனடாவிலிருந்து கியூபெக் பிரிவதா என்று அங்கே மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்த நாள். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் என் தலைமுடியைப் பாதி வெட்டிய நிலையில், கடைக்காரர் மொன்றியலில் இருந்த தம்பியோடு தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். பேச்சு வந்தால் கத்தரிக்கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெட்டுவதை நிறுத்திவிடுவார்.

“பிரெஞ்சுக்காரன் தன்ர மொழியைக் காப்பாத்தத் தனிநாடு கேக்கிறான். நீ வேண்டாமெண்டு போடப்போறியோ? வெக்கமில்லையோடா? தமிழெண்டு அடிவாங்கி ஓடினனியெல்லே!”

பதிலைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“‘நாடு பிரிஞ்சா என்னையும் வந்தவன் எண்டு தள்ளி வைப்பினம் அண்ணை. இன்னொருக்கா பெட்டி கட்ட என்னால ஏலாது’ எண்டுறான். ஐயா, நீங்கள் படிச்ச மனிசன், சொல்லுங்கோ.”

இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாளிலிருந்து, மொழிச் சண்டைகளை முப்பத்தொன்பது வருடமாகக் கேட்டுக் களைத்தவன் நான். கழுத்தும் வலித்தது.

“உங்கட தம்பி சொல்லுறதும் சரிதான்” என்றேன்.

அவர் உயர்த்திய கத்தரிக்கோலை இறக்கினார். பிறகு தம்பியிடம், “சரி, விரும்பினபடி செய். குளிருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போ” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். மீதி முடியை ஒருமுறைகூட நிறுத்தாமல் வெட்டினார்.

என்னைப் போல வயதானவர்களிடம் அவர் வாங்குவது மூன்று பவுண். அன்று கோபமோ மறதியோ, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. என்னிடம் வாங்கியது ஐந்து பவுண்.