ஒன்றாம் வகுப்பில் சித்தி

பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நேற்று மழையோடு மழையாக ஆற்றுமணல் வந்து எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு இறங்கியது. சண்டை போடலாம் என்றுதான் வெளியே போனேன். நனைந்த மணலின் வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துவிட்டது. குனிந்து ஆள்காட்டி விரலால் ஓர் ‘அ’ போட்டேன். சுழி கோணிக்கொண்டு போயிற்று. அழித்துவிட்டு இன்னொன்று போட்டேன். “பாட்டாவுக்கு மணலு பிடிக்கல்ல போல” என்று மணல் இறக்குகிறவன் பக்கத்தில் நின்றவனிடம் என்னைக் காட்டிச் சொன்னான். கௌரவமாக எழுந்து, மணலை விரலால் நசுக்கிப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு உள்ளே வந்தேன்.

நாங்கள் எழுத்துப் படித்தது மணலில். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையும் தானுமாக ஒன்றாகத்தான் திறக்கும். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய மணல் கொண்டுபோக வேண்டும். அதைத் தரையில் கொட்டிப் பரப்பி, அதற்குமுன் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். யார் மணல் நல்ல மணல் என்று முதல் நாளே சண்டை வந்துவிடும். பொழியூரில் மாமன் வீடு உள்ள ஒருவன் கடல்மணல் கொண்டுவந்து பெருமை அடித்தான். அதில் கிடந்த சிப்பித்துண்டு விரலைக் கிழித்து, ‘ஈ’ எழுதும்போது ரத்தம் வந்தது. அதோடு அவன் பெருமை அடங்கிற்று. இரண்டாம் வகுப்புக்குப் போனால் சிலேட்டு. மணலிலிருந்து சிலேட்டுக்கு ஏறுவதுதான் அன்று எங்களுக்குத் தெரிந்த ஒரே பதவி உயர்வு.

பள்ளிக்கூடம் என்றால் நீளமான ஓர் ஓலைக் கூரை, அவ்வளவுதான். நான்கு வகுப்பும் அதன் கீழே. நடுவில் தட்டி கிடையாது. சின்ன சாருக்குத் தமிழில் ஒன்றும் இரண்டும், பெரிய சாருக்கு மலையாளத்தில் மூன்றும் நான்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் படிப்போம். ‘அணில்’ என்று இங்கே கத்தினால், அந்த மூச்சு முடிவதற்குள் அங்கே ‘எட்டெட்டு அறுபத்திநாலு’ என்று வந்து விழும். வெளியூர்க்காரர் யாராவது வழியில் போனால் அடிதடி என்று நினைத்து ஓடிவருவார்கள். எங்களுக்கு அது பழக்கம். அந்தச் சத்தம் நின்றால்தான் பயம். நின்றால் சார் பிரம்பை எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

இங்கே என் சித்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் கடைசித் தங்கை, பெயர் நீலம்மை. என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். அப்பாவுக்குத் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா வேலை. ஓர் ஊரில் பாயை விரிப்பதற்குள் அடுத்த ஊருக்கு மாற்றல் வந்துவிடும். அதனால் என்னை அம்மாவின் அப்பாவிடம், அதாவது பாட்டாவிடம், விட்டிருந்தார்கள். ஒரே வீடு, ஒரே உயரம், ஒரே வகுப்பு. ஆனால் அவள் என்னை, மகனைக் கூப்பிடுவதுபோல, ‘மக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளை ‘சித்தி, நீங்க’ என்று சொல்ல வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதைத் திருகுவாள். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் அவளைச் சித்தி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் சின்ன சாரே, “சித்தி எங்கலே? இண்ணைக்கு வரல்லியா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சித்திக்கு ஒரு கெட்ட பழக்கம். தன் வகுப்புப் பாடத்தைக் கேட்கவே மாட்டாள். ஓரத்தில் போய் மூன்றாம் வகுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். விரல் மணலில் சும்மா கிடக்கும், காது மட்டும் அந்தப் பக்கம். கேட்டால், “நம்ம வகுப்புல அணிலும் ஆடுமாக்கும். அத முற்றத்துல பாத்தா போதும்” என்பாள். நியாயம்தான். எனக்கு மட்டும் அந்த நியாயம் தோன்றியதே இல்லை. ஒழுங்காக ஆடு எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, மேலே ஏற்ற வேண்டியவர்களைப் பெரிய சார் நிறுத்தி, அவரவர் பெயரை மணலில் எழுதச் சொன்னார். நான் எழுதினேன். சித்தி மூன்று சுழி போட்டாள். மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லாத சுழிகள்.

“இதென்ன எழுத்து?” என்றார் சார்.

“எழுத்து கிடக்கட்டும் சாறே. திருவிதாங்கூருக்கு எல்லை சொல்லட்டா? கிழக்கு சஹ்யபர்வதம், படிஞ்ஞாறு அறபிக்கடல்…” என்று மலையாளத்தில் ஆரம்பித்து, நெய்யாறு எந்த மலையில் பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்பதுவரை மூச்சு விடாமல் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒண்ணாம் வகுப்பிலே இரி” என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் சித்தி என்னை ஓடைமேல் இருக்கிற தோட்டுப் பாலத்தில் நிறுத்தினாள். என் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டுல கேட்டா நானும் ரெண்டாம் வகுப்பாக்கும். கேட்டியா மக்கா?”

விஷயம் சின்னது இல்லை. பாட்டாவுக்கு ஒரு சட்டம் உண்டு. பெண்பிள்ளை ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தால் படிப்பு போதும், அடுக்களைக்குப் போகலாம். அந்தச் சட்டத்தில்தான் என் அம்மா நின்றாள், பெரியம்மா நின்றாள். ஆண்பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஒரு மாமா நான்காம் வகுப்பில் மீசை முளைக்கும்வரை இருந்தார். சித்தி இல்லாமல் பள்ளிக்கூடம் போவது என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எங்களைக் காப்பாற்றியது மழை. கோடையில் மாற்ற வேண்டிய ஓலையை அந்த வருஷம் மாற்றவில்லை. கூரை கண்ட இடத்தில் ஒழுகும். ஒழுகாத இடம் பார்த்து வகுப்புகள் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் கிழக்கே இருந்த இரண்டாம் வகுப்பு மத்தியானம் நடுவில் இருக்கும். ஒன்றாம் வகுப்பின் மணல் கரைந்து ஓட, பிள்ளைகள் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். இந்தக் களேபரத்தில் சித்தி தினமும் இரண்டாம் வகுப்போடு நகர்ந்துவிடுவாள். என் பின்னால் உட்கார்ந்து, என் தோளில் தாடையை வைத்துக்கொள்வாள். சின்ன சாருக்குத் தலைக்குமேல் ஒழுகுவதைப் பார்ப்பதற்கே நேரம் போதவில்லை.

ஓலைக்கு வழி என்ன? ஊரில் தென்னந்தோப்பு உள்ளவர் பாட்டாதான். பெரிய சார் போய்க் கேட்டார். பாட்டா எதையும் கண்ணால் பார்க்காமல் கொடுக்க மாட்டார். ஒருநாள் நல்ல பேய்மழையில், தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

அப்போது நான்கு வகுப்பும் ஒரே மூலையில் அடைந்து கிடந்தது. பாட்டா கூரையைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

“நம்ம நீலம்மை எந்த வகுப்பு சாறே?”

சின்ன சார் பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் கூரையைப் பார்த்தார். ஓலை வேண்டும், பொய்யும் சொல்ல முடியாது. “மழையில எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு…” என்று சின்ன சார் இழுத்தார்.

பாட்டாவுக்குப் புரிந்துவிட்டது. “ரெண்டாம் வகுப்புண்ணு சொன்னியே. பேர எழுதிக் காட்டு பாப்போம்” என்றார் சித்தியிடம்.

என் சிலேட்டை அவள் வாங்கினாள். குச்சியையும் வாங்கினாள். சிலேட்டை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் என் மடியிலேயே வைத்தாள்.

“மக்கா, எழுது. நீலம்மை.”

“நீ எழுதுடி!” என்று பாட்டா அதட்டினார்.

சித்தி எழுந்து நின்றாள். “நீங்க எழுதுவியளா அப்பா? நீங்க சொல்லுவிய, கணக்குப்பிள்ளை எழுதுவாரு. அதுபோல நான் சொல்லுவேன், இவன் எழுதுவான். எனக்கு இவன் போதும்.”

நான் அதற்குள் எழுதியே முடித்திருந்தேன். பயத்தில் எனக்குக் கை வேகமாக ஓடும்.

பாட்டா வெற்றிலையைத் துப்ப மழைப்பக்கம் திரும்பினார். திரும்பியவர் வெகுநேரம் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அடிக்க வரப்போகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது. சிரிப்பை அடக்க முடியாமல் குடையையே கீழே போட்டுவிட்டார். அவர் சிரிப்பதைப் பார்த்துப் பெரிய சார் சிரித்தார், அதற்குப் பிறகு பள்ளிக்கூடமே சிரித்தது.

“சரி. இவன் எழுதுற காலம்வரை நீயும் போ” என்றார் பாட்டா.

மறுநாள் வண்டியில் ஓலை வந்தது. ஒழுக்கு நின்று வகுப்புகள் தத்தம் இடத்துக்குத் திரும்பிய பிறகும் சித்தியை என் பக்கத்திலிருந்து யாரும் எழுப்பவில்லை. அவள் கேட்டு வைத்துக்கொள்வாள், நான் எழுதுவேன். இருவரும் சேர்ந்தால் ஒரு முழு மாணவன். அப்படியே அடுத்த வகுப்பையும் தாண்டினோம். அந்தக் காலம்போலச் சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை.

பாட்டா சொன்னதில் ஒரு கொக்கி இருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு நெய்யாற்றின்கரைக்கு மாற்றல் வந்தது. என்னை அங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனார். நான் போனதும் சித்தியின் படிப்பும் நின்றது. யாரும் நிறுத்தவில்லை, எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான். வண்டி ஏறும்போது நான் அழுதேன், அவள் அழவில்லை.

“அங்க அடுத்த வகுப்புல என்ன சொல்லிக் குடுக்கான்னு கேட்டுட்டு வா. உன் வகுப்பு எனக்கு வேண்டாம்.”

ஓணத்துக்கு வந்தபோது அடுக்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “சொல்லு.”

“அங்க ஒண்ணும் கேக்காது சித்தி. நடுவுல சுவரு உண்டு.”

“பள்ளிக்கூடத்துக்கு எதுக்குலே சுவரு?” என்றாள். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

படிப்பு முடித்து நான் மராமத்து இலாகாவில் ஓவர்சியர் ஆனேன். எங்கள் பள்ளிக்கூடத்தின் ஓலைக் கூரையை இறக்கிவிட்டு, ஓடு போட்டு நான்கு அறை எழுப்பும் வேலை என் தலையிலேயே வந்து விழுந்தது. நன்றாகவே கட்டினேன். அந்தக் கூரையும் மணலும் சிரட்டையும் அத்தோடு போயின. ஒரு வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு வகுப்பைப் படிப்பதும் போயிற்று. சித்தியும் இப்போது இல்லை. என்னை மக்கா என்று கூப்பிட யாரும் மிச்சமில்லை.

கட்டடம் முடிந்தபோது அவள் புகுந்த வீட்டிலிருந்து பிள்ளைகளோடு பாட்டா வீட்டுக்கு வந்திருந்தாள். பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. சித்தி வராந்தாவில் நடந்து, மூன்றாம் வகுப்புச் சுவரில் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“நல்லா கெட்டியிருக்க மக்கா” என்றாள். “ஒண்ணும் கேக்கல்ல.”