பின் சீட்டில் ஏறிய பாரம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாத உச்சி வெயிலில், திருச்செங்கோட்டுப் பக்கம் வறண்டு கிடந்த ஓர் ஏரிக்குள் நடந்தது இது.

கோழிப் பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மண்பாதைக்குத் தோதாக உயரமான சின்ன பைக் ஒன்று வைத்திருக்கிறேன். நானோ தொண்ணூறு கிலோ. பின்னால் மருந்துக்கான ஐஸ் பெட்டி வேறு. ஒவ்வொரு குழியிலும் பின்பக்கம் 'டங்'கென்று இடித்து முதுகெலும்பே கலங்கும். கெட்டியான ஸ்பிரிங் ஒன்றை வரவழைத்தேன். மெக்கானிக்கிடம் போகாமல், வீடியோ பார்த்து நானே பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரைக் கழற்றி ஸ்பிரிங்கை மாற்றினேன். அதில் ஒரு பெருமை வேறு.

மறுநாள் இரண்டு பண்ணைகள் வரை சொகுசான ஓட்டம். மூன்றாவதற்குக் குறுக்குவழியாக ஏரிக்குள் இறங்கினேன். காற்றில்லை, ஒரு காக்கைகூட இல்லை. பாதி வழியில், யாரோ பின்னால் ஏறி உட்கார்ந்தது போல வண்டி மெல்லத் தாழ்ந்தது. குலுங்கவில்லை. ஓர் ஆள் மெதுவாக உட்காருவாரே, அப்படி. பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் வானம் மறைந்து, வெடித்த ஏரி மண் மட்டும் தெரிந்தது. பிடரி சில்லிட்டது. வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். பெட்டிதான் இருந்தது.

கரையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, பின்னாடி உக்காந்திருந்த அம்மிணி எங்கீங்க?"

"யாரும் வரலீங்க. அது மருந்துப் பொட்டிங்க."

"பொட்டி எனக்குத் தெரியாதுங்களா?" என்றவர் இரண்டடி பின்வாங்கினார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் போல்ட்டில் நட்டையே காணோம். போல்ட் முக்கால்வாசி வெளியே வந்துவிட்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில், லாரிகள் பறக்கும் ரோட்டில் ஏறியிருப்பேன். முந்தின நாள் அந்த நட்டைக் கையால் திருகியபோது பண்ணையிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு ஸ்பேனரால் முறுக்கலாம் என்று வைத்தவன், அப்படியே மறந்திருக்கிறேன்.

கல்லால் தட்டி போல்ட்டை உள்ளே தள்ளினேன். அந்த அம்மா ஆட்டுக் கயிற்றை அறுத்துக் கொடுத்தார். அதை வைத்துக் கட்டினேன். ரோடு வரை வண்டியைத் தள்ளவும் உதவினார். ஆனால் ஹேண்டில்பாரைப் பிடித்து முன்னால் இழுத்தாரே தவிர, வண்டிக்குப் பின்பக்கம் வரவே இல்லை.

ரோட்டில் ஏறியதும், "ரெண்டு பேரும் பாத்துப் போங்க சாமி" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏரிக்குள் இறங்கினார்.

போல்ட் நழுவியதும் ஷாக் சாய்ந்து பின்பக்கம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான் என்றார் பிறகு வண்டியைச் சரிசெய்த மெக்கானிக். நானும் அதைத்தான் நம்புகிறேன். இப்போதெல்லாம் ஒரு நட்டை முறுக்கத் தொடங்கினால், யார் கூப்பிட்டாலும் முடிக்காமல் எழுவதில்லை. என் அலட்சியம் என்னைக் கொல்வதற்குள் ஒரு பயம் வந்து நிறுத்தியது; அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று துருவிப் பார்க்கும் துணிச்சல் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.