நாலாம் நாள் காய்ச்சல்

ஜெசிதாவின் மகள் தாரிகாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஜெசிதா அதை யாருக்கும் சொல்லவில்லை.

குருநகரை ஒட்டிக் கரையோரமாகக் கிடக்கும் அந்த ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். வாரத்தில் இரண்டு நாள்தான் குழாயில் தண்ணீர். அதனால் வாசல்தோறும் தண்ணீர் பிடித்து வைத்த பரல்கள். போன மாதம் சுகாதாரப் பரிசோதகர் வந்து, பரலுக்குள் டெங்கு நுளம்பின் குடம்பிப் புழு கிடந்ததென்று இரண்டு பேர்மேல் வழக்குப் போட்டிருந்தார். வழக்கென்று அலைந்தால் நண்டுக் கம்பனி வேலையில் ஜெசிதாவின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனால் விலாசம் கேட்பார்கள். அது நேரே பரிசோதகரிடம் போகும். பனடோலைக் கரைத்துக் கொடுத்தபடி இருந்தாள்.

நாலாம் நாள் விடிய உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்ற நிம்மதியோடு தேத்தண்ணீர் வைத்தாள். பிள்ளை குடிக்கவில்லை.

“அம்மா, வயிறு நோகுது.”

சொல்லி முடிக்குமுன் வாந்தி. காலைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. அள்ளிக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் தாதி எழுதத் தொடங்கினாள். “எங்கை இருக்கிறியள்?”

“அரியாலை, மிஸ்.” அது தங்கச்சியின் விலாசம்.

“எப்ப தொடங்கின காய்ச்சல்?”

“நேற்று.”

பிள்ளையின் நாடியைப் பிடித்திருந்த டொக்டர் நிமிர்ந்தார். “உது டெங்கு போலை கிடக்கு. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா. நாள் பிழைச்சா நாங்கள் ஏத்திற சேலைனும் பிழைச்சுப்போம்.”

தாரிகாவின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

“நாலு நாள் டொக்டர். பயத்திலை மறைச்சுப் போட்டன். விலாசமும் பொய்.”

ஒருவரும் ஏசவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் மணிக்கு மணி பிள்ளையின் சிறுநீரை அளந்தார்கள். ஜெசிதா தாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தாரிகா பசிக்குதென்று பாண் கேட்டாள்.

வீடு திரும்பிய மறுநாள், திருத்திக் கொடுத்த விலாசத்தைப் பிடித்துப் பரிசோதகர் வந்தார். ஜெசிதா தானே பரல்களின் மூடியைத் திறந்துவிட்டாள்.

“குடம்பி கிடக்கும் ஐயா. எழுதுங்கோ. ஒவ்வொரு நாளும் தண்ணி வந்தா நாங்கள் ஏன் பிடிச்சு வைக்கிறம்? அதையும் சேர்த்து எழுதுங்கோ.”

பரிசோதகர் எழுதினார், இரண்டையும்.

பக்கத்து வீட்டுக் கதவு மெல்லத் திறந்தது. சுவர்ணா தலையை நீட்டினாள்.

“ஜெசிதா, என்ரை மனுசனும் மூண்டு நாளாக் காய்ச்சலோடை படுக்கையிலை.”

“ஓட்டோவைக் கூப்பிடுங்கோ அக்கா,” என்று ஜெசிதா செருப்பை மாட்டினாள். “நானும் வாறன்.”