நைனாவின் பெல்ட்

எங்கள் ஊரில் ஆண்களின் உடைக்கு ஒரு சட்டம் இருந்தது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எங்கள் காலனி ஆள் ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். என் அப்பா, நைனா, இதை யோசித்துச் செய்து நான் பார்த்ததில்லை. தெருமுனைப் புளியமரம் வந்ததும் அவர் கை தானாகத் தோளுக்குப் போகும்.

நான் காஞ்சிபுரத்தில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த வருடம், பட்டணத்தில் லாரிப் பட்டறையில் வேலை செய்த அண்ணன் சம்பா அறுப்புக்கு ஊர் வந்தான். கால்களை மூடித் தரையைக் கூட்டும் பெல்பாட்டம் பேண்ட், பித்தளைக் கொக்கி வைத்த அகலமான பெல்ட். அதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். மறுநாள் காலையில் அதே பேண்டுக்கு மேல் வெறும் பனியன் அணிந்து, சிவப்புக்கரைத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அறுப்பு வேலை கேட்கப் போன நைனாவுடன் அவன் கிளம்பியபோதுதான் அம்மா திடுக்கிட்டாள்.

"பேண்ட்டுக்கு எவன்டா துண்டு போடுவான்? கூத்தாடி மாதிரி கீது."

"வேர்க்கும்மா" என்றான்.

மார்கழிக் கடைசி. பனி இன்னும் விலகவில்லை. சற்று முன்பு அவன் கண்ணாடியின் முன்னே நின்று துண்டை இடது தோளில் போட்டும் வலது தோளுக்கு மாற்றியும் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். வேர்வைக்குத் துண்டு போடுகிறவன் கண்ணாடி பார்ப்பானா? கேட்கவில்லை. பேருந்துக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.

புளியமரத்தடியில் நைனாவின் துண்டு இடுப்புக்கு இறங்கியது. அண்ணனுடையது இறங்கவில்லை.

நைனா அறுப்புக்குப் போகும் நிலத்தின் மிராசுதார் வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மேஸ்திரி நின்றார்.

"இன்னாடா வேஷம் இது?"

"பேண்ட்டுங்க."

நைனாவைப்போல 'ஆண்டே' என்று அவன் முடிக்கவில்லை. அது என் காதில் விழுந்தது; அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"துண்டு எங்கடா இருக்கணும்?"

"இடுப்புலங்க. அங்க பெல்ட்டு கீதுங்களே, கட்ட எடம் இல்ல."

"எறக்கி வுடணும்னு தெரியாது?"

அண்ணன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "இதுக்கு மேல எறங்காதுங்க. தரையிலதான் கீது."

மேஸ்திரிக்கு வந்த சிரிப்பு இருமலாக முடிந்தது. மிராசுதார் அண்ணனின் முகத்தில் கேலியைத் தேடினார். நானும் தேடினேன். அப்பாவித்தனத்தைத் தவிர அங்கே எதுவும் தென்படவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

"யாரு சொல்லிக் குடுத்தது? கட்சியா, பாதிரியா?"

"இப்டி தச்சதுங்களா? தையக்காரருங்க."

மிராசுதார் அவனை விட்டுவிட்டு நைனாவிடம் திரும்பினார். "நாளைக்கு அறுப்புக்கு ஆளு போதும். வேணும்னா சொல்லி அனுப்பறேன்."

அந்த அறுப்பில் கிடைக்கும் கூலி நெல்தான் கோடை வரை எங்கள் சோறு. நைனா தலையை மட்டும் அசைத்தார்.

மாலையில் நான் திரும்பியபோது அவர் அண்ணனின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சீப்பு, பவுடர் டப்பா, கிரீஸ் படிந்த சட்டை ஆகியவை விழுந்தன. கட்சிக் கொடியோ வேறு எதுவோ கிடைக்காதது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியிருக்க வேண்டும்.

"நீ எதனா படிச்சிக் காட்டினியா இவனுக்கு?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் விடிந்தபோது வானம் மூடியிருந்தது. மிராசுதாரிடமிருந்து ஆள் வரவில்லை. நைனா ஆணியில் தொங்கிய அண்ணனின் பெல்ட்டை எடுத்துத் தம் வேட்டியின் மேல் இறுக்கிக் கட்டினார். துண்டைத் தோளில் போட்டார்.

"இன்னாயா இது?" என்றாள் அம்மா.

"வேட்டி நிக்கல."

அண்ணன் சாணிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்தானா என்று என்னால் சொல்ல முடியாது.

புளியமரம் வந்தது. நைனாவின் கை தோள் வரை போயிற்று, நின்றது, இறங்கிக் கொக்கியைப் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மிராசுதாரின் பார்வை முதலில் அந்தக் கொக்கியிலும் பிறகு தோளிலும் தங்கியது.

"உனுக்கும் எடம் இல்லியா?"

"வேட்டி நிக்கல, ஆண்டே."

மேஸ்திரி குறுக்கிட்டார். "ஆண்டே, தென்னேரி பக்கம் மழ புடிச்சிக்கிச்சாம். கதிரு சாஞ்சி கீது. ஆளு பத்தாது."

மிராசுதார் மறுபடி மேகத்தைப் பார்த்தார். "போ, அறு" என்றார். நைனா சில அடிகள் நடந்த பிறகு, "இத மறக்க மாட்டேன்" என்றும் சொன்னார். நைனா திரும்பவில்லை.

கூலி நெல் வந்துவிட்டது. அண்ணன் கொஞ்சம் சணல் கயிற்றைப் பேண்டில் கோத்துக் கட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினான், பெல்ட்டைக் கேட்கவில்லை. அடுத்த அறுப்புக்கு நைனாவைக் கூப்பிடுவார்களா என்பது எங்களில் எவருக்கும் தெரியாது.

ஒருநாள் நைனா கொக்கிக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா சற்று நேரம் பார்த்தாள்.

"வேட்டி நிக்கறதுக்கு இம்மாம் பளபளப்பு எதுக்குயா?"

நைனா தேய்ப்பதை நிறுத்தவில்லை.