மூன்றாவது ஸ்கோப்

என் கணவரின் வலது கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த அந்தப் பத்து நாளும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ரஷ்யாவைத் திட்டிக்கொண்டிருந்தோம். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பாபநாசம் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் நான். இருபத்தாறு வருஷமாக ஊரார் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டு அனுப்புகிறேன். சொந்த வீட்டுக் கண்ணை மட்டும் ஒரு நாளும் என் நாற்காலியில் உட்காரவைத்ததில்லை. கூப்பிட்டால், "எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்பார். சர்க்கரை வியாதி உள்ள கழுகு. நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அவர் விவசாயி. அவருடைய பெரியப்பாவுக்குப் பிறகு முறைப்படி லைசென்ஸ் மாற்றி அவரிடம் வந்த ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிள் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக், தோட்டாக்களை நிரப்பிவிட்டால் போதும், ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துவிட வேண்டியதில்லை, விசையை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வெடிக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, அதைத் தூக்கிக்கொண்டு ரைஃபிள் கிளப்புக்குப் போய்விடுவார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அங்கே ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஒரு போட்டி வைப்பார்கள். இந்தத் தடவை குழல் நுனியில் இருக்கும் குறி மங்கலாகத் தெரிகிறது, ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டினால்தான் சரிப்படும் என்றார். வெள்ளெழுத்து வந்த யாரும் சொல்வதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜெர்மன் ஸ்கோப் விலையைக் கேட்டதும் இருவரும் பேச்சை மாற்றிக்கொண்டோம். சீனத்து ஸ்கோப் மலிவுதான். ஆனால் பத்து குண்டு சுட்டதும் குறி நகர்ந்துவிடும் என்று கிளப்பில் சொன்னார்களாம். கடைசியில் திருச்சித் துப்பாக்கிக் கடைக்காரர்தான் வழி சொன்னார். அவரிடம் பழைய ரஷ்ய ஸ்கோப்புகள் மூன்று இருந்தன. "இரும்பு மாதிரி இருக்கும் சார், ஆயுசுக்கும் வரும். ஒண்ணொண்ணா எடுத்துப் போய்ப் பாருங்க. புடிக்கலன்னா கொண்டாங்க" என்று முதல் ஸ்கோப்பைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதை டியூப் லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடிமேல் பூசிய பூச்சில் ஊதாவும் லேசான மஞ்சளும் ஒரே சீராக ஓடின. பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. ஓரம் வரைக்கும் தெளிவு. தொழில்காரி வாயால் சொல்கிறேன், நல்ல கண்ணாடி. எடைதான் கொஞ்சம் அதிகம். அவர் மாடி அறையில் மேசைமேல் விதைநெல் பையை வைத்து, அதன்மேல் ஸ்கோப்பைக் கிடத்தி, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் மின்கம்பத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில், "உள்ள இருக்கிற குறிக்கோடு வளைஞ்சிருக்கு" என்றார்.

நான் அடுக்களையில் இருந்தேன். "பழைய சாமான் வாங்கினா அப்படித்தான்" என்று அங்கிருந்தே சொன்னேன். ஏறிப்போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் அது திருச்சிக்குப் போனது, இரண்டாவது வந்தது. கொஞ்சம் பெரியது, இன்னும் வெளிச்சமானது. அதிலும் நடுக்கோடு வளைந்திருந்தது. "ரஷ்யாக்காரனுக்கு ராக்கெட் விடத் தெரியுது, ஒரு கோடு நேரா இழுக்கத் தெரியல" என்றார். நானும் சேர்ந்துகொண்டு அந்தத் தேசத்தையே கிழித்தேன். எனக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைத்தால் போதும், நாடு எது என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது ஸ்கோப் பெட்டியோடு வந்தது. உள்ளே ஒரு சின்னப் புத்தகம். அதில் புரியாத எழுத்தில் ஏதேதோ அச்சாகி, கடைசிப் பக்கத்தில் தொழிற்சாலையில் சோதித்தவரின் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. என் கணவர் ஆசையாக மாடிக்கு எடுத்துப்போனார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கடைக்காரரோடு போனில் கத்தும் சத்தம் கீழே கேட்டது.

"குப்பையெல்லாம் என் தலையில கட்டப் பாக்குறீங்களா? கோடும் வளையுது, கம்பமும் வளையுது. கண்ணாடியே கோணல்!"

கடைக்காரர் சொன்ன பதிலும் ஸ்பீக்கரில் கேட்டது. "சார், அப்பா காலத்துக் கடை இது. இப்படி யாரும் பேசினதில்ல. பொருளைக் கொண்டாந்து வச்சிடுங்க. இனிமே வேற கடை பாத்துக்குங்க."

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "கிளம்பு. பைக்கிலேயே போயிடலாம். நீ வந்து அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லு. கண்ணாடிக் கடைக்காரி சொன்னா மறுத்துப் பேச முடியாதுல்ல?"

சாட்சி சொல்லப் போகிறவள் பார்க்க வேண்டாமா? மாடிக்கு ஏறினேன். குனிந்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். கோடு நேராக இருந்தது. கம்பமும் நேராக இருந்தது. முனையில் இருக்கும் வளையத்தைத் திருகிப் பார்த்தேன், கண் மாற்றிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கோட்டில் ஒரு மயிரிழை வளைவு இல்லை.

மூன்று ஸ்கோப்பிலும் ஒரே இடத்தில், நடுவில், வளைவு. நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால் என்ன அர்த்தம் என்று கட்டம் போட்ட அட்டை ஒன்று என் கடைச் சுவரில் இருபது வருஷமாகத் தொங்குகிறது. சர்க்கரைக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன். விழித்திரையின் நடுவே நீர் கோத்திருக்கிறது; இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று எத்தனை பேரிடம் கடுமையாகச் சொல்லியிருக்கிறேன்! இவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கீழே பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு லாரி ஓடும் ரோட்டில் திருச்சிவரைக்கும் போகப்போகிறார். ஓடிப்போய் வண்டியை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டேன்.

"என்னடி இது?"

"ஒரு நிமிஷம் உள்ள வாங்க. அப்புறம் எங்க வேணாலும் போகலாம்."

கூடத்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினேன். எங்கள் ஜன்னலில் ஏழு கம்பிகள், நெட்டுக்கு நேராக.

"இடது கண்ணைக் கையால பொத்திக்கிட்டு நடுக் கம்பியைப் பாருங்க."

"வெளாடுறியா? அவன் கடை சாத்திடப் போறான்."

"பாருங்கன்னா பாருங்க!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் என்னை ஒரு தடவை முறைத்துவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"இந்தக் கம்பியை யாரு வளைச்சா?" என்றார்.

அவர் கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். மறுபடி மாற்றினார். பிறகு ஜன்னல் பக்கத்தில் போய், அந்தக் கம்பியைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை விரல்களால் தடவினார். இரண்டு மூன்று தடவை தடவினார். அப்புறம் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கடைக்காரருக்கு நான்தான் பேசி மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் காலையில் திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, படம் எடுத்தார்கள். டாக்டரம்மா என் மகள் வயதுதான் இருப்பார். படத்தில் நடுவே மேடிட்டிருந்த இடத்தைக் காட்டினார். சர்க்கரையால் வந்தது. இன்றைக்கே கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதாமாதம் தொடர வேண்டும். எவ்வளவு பார்வை திரும்பும் என்பது எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார்.

"எப்ப இருந்துங்கய்யா இப்படித் தெரியுது?"

"பத்து நாளா" என்றார் இவர். டாக்டரம்மா எழுதத் தொடங்கினார். "இல்லம்மா, இருங்க" என்று இவர் தடுத்தார். "ஜூன்ல, குறுவை நடவுலயே தெரிஞ்சுது."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. குறுவை நடவு அன்று நடவு மிஷின்காரர் ஓட்டி முடித்ததும் இவர் வரப்பு முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரைஃபிள் பிடிக்கிற பழக்கத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு, நட்ட வரிசையை நீளவாட்டில் பார்த்தார். பார்த்தவர் எழுந்து, வரிசை கோணல்மாணலாக இருக்கிறது என்று மிஷின்காரரைப் பிடிபிடியென்று பிடித்தார். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா, கோணலாவா இருக்கு?" என்றார். நூல் பிடித்த மாதிரி இருந்தது வரிசை. வயலில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான், "ஆமா, கோணலாத்தான் இருக்கு" என்றேன். அதற்கப்புறம் அந்த மிஷின்காரரை நாங்கள் கூப்பிடவே இல்லை.

"நட்ட வரிசை கோணலாத் தெரிஞ்சுது. இவளையும் கேட்டாங்க டாக்டர்" என்றார் அவர். குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "இவளும் கோணல்னுதான் சொன்னா. கண்ணாடிக் கடைக்காரி சொல்றாளேன்னு அதோட விட்டுட்டேன். என் கண்ணுன்னு தோணவே இல்ல."

டாக்டரம்மா 'ஐந்து மாதம்' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"நேராத்தாங்க இருந்துச்சு. அத்தனை பேரு முன்னாடி உங்கள விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு அப்படிச் சொன்னேன்."

மருந்து விட்டு விரிந்திருந்த கண்ணோடு அவர் என் குரல் வந்த பக்கம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாமே" என்றார்.

நர்ஸ் வந்து அவருடைய வலது புருவத்துக்கு மேலே அடையாளத்துக்கு மையால் ஒரு புள்ளி வைத்து, ஊசி போடும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.